ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் ஒரு விவாகரத்து மனு! - உங்கள் வக்கீலின் போனுக்குள் இருக்கும் உங்கள் ரகசியம்

ஊட்டியில் ஒரு ஜெராக்ஸ் கடை. திங்கட்கிழமை காலை பத்து மணி. தூறல். கோர்ட் தொடங்கும் நேரம் என்பதால் கடை வாசலில் கறுப்பு கோட்டுகளும் குடைகளுமாக நெரிசல். நான் சித்தியோடு நின்றிருந்தேன்.

சித்தி லவ்டேலில் தையல் வேலை செய்கிறார். அவருக்கும் அவருடைய அண்ணன்களுக்கும் தாத்தா வீட்டைப் பங்கு பிரிப்பதில் வழக்கு நடக்கிறது. (அண்ணன்கள் என்றால் எனக்கு மாமாக்கள். இந்த இணையதளத்தைத் தவறாமல் படிப்பவர்கள். அதனால் வழக்கைப் பற்றி இதற்குமேல் ஒரு வரிகூட எழுத மாட்டேன்!)

"வக்கீலம்மா இந்தக் கடை நம்பருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டாங்களாம். நாலு செட் எடுத்துட்டு வரச் சொன்னாங்க கண்ணு" என்றார் சித்தி.

கடையின் நம்பருக்கு வரும் ஃபைல்கள் எல்லாம் வாட்ஸ்அப் வெப் வழியாக ஒரே கம்ப்யூட்டரில்தான் இறங்குகின்றன. கல்லாவைப் பார்த்தபடி இருக்க வேண்டிய மானிட்டர், இட நெருக்கடியில் எங்களைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கடைப் பையன் டவுன்லோடு ஃபோல்டரைத் திறந்தான். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'நியூ ஸ்கேன்', 'ஸ்கேன் 0047' என்று நீண்டுகொண்டே போகிறது. பெயரை வைத்து எது யாருடையது என்று கண்டுபிடிக்கவே முடியாது. எனவே ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான்.

முதலில் திறந்தது யாருடையதோ பேங்க் ஸ்டேட்மென்ட். அடுத்தது கைரேகை வைத்த ஒரு கிரயப் பத்திரம். மூன்றாவதாக ஒரு விவாகரத்து மனு.

மூன்று விநாடிகூட இருக்காது. ஒரு பெண்ணின் பெயர், வயது, கணவர் வீட்டை விட்டு வெளியே வந்த பிறகு இப்போது தங்கியிருக்கும் முகவரி. படிக்க வேண்டும் என்று நான் படிக்கவில்லை. கண் போனது, படித்துவிட்டது. எனக்குப் பின்னால் குடையோடு நின்ற இரண்டு பேரின் கண்ணும் அதே திரையில்தான் இருந்தது.

"இது இல்லீங்களாக்கா? அப்ப இதுவா?" பையன் அடுத்த ஃபைலுக்குப் போய்விட்டான். அவன்மீது எனக்குக் கோபமே வரவில்லை. வரிசையில் பதினைந்து பேர் நிற்கிறார்கள். பத்தரைக்குள் எல்லோருக்கும் எடுத்துத் தர வேண்டும். 'இதெல்லாம் ரகசியம்' என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அன்றைக்குச் சித்தியின் வழக்குக்கு வாய்தா. நான்கு செட்டும் அப்படியே பைக்குள் திரும்பி வந்தன.

"நானும் அங்கதாம்மா அனுப்பறேன்!"

சித்தியின் வக்கீலும் லவ்டேல்காரர்தான். ஸ்டேஷனுக்கு மேலே ஏறும் பாதையில் வீடு. 20 வருடங்களாக ஊட்டி கோர்ட்டில் பிராக்டிஸ் செய்கிறார். 'பெயர் போட வேண்டாம்' என்ற நிபந்தனையோடு பேசினார். நானும் அவரை 'வக்கீலம்மா' என்றே குறிப்பிடுகிறேன்.

காலையில் நடந்ததைச் சொன்னேன். கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"அது என் கட்சிக்காரர் மனு இல்லை. ஆனா என் கட்சிக்காரங்களோடதும் அந்த ஃபோல்டர்லதாம்மா இருக்கும். நானும் அங்கதான் அனுப்பறேன். எதிர்த்தரப்பு வக்கீலும் அங்கதான் அனுப்புவார். மெட்ராஸ்னா ஒருத்தர் பேரைப் பார்த்தா 'யாரோ'ன்னு போயிடுவாங்க. இது சின்ன ஊர். பேரைப் பார்த்தா, 'அட, நம்ம இவரோட பொண்ணு'ன்னு சொல்லிடுவாங்க."

ஹேக்கர், டார்க் வெப் என்றெல்லாம் டேட்டா பாதுகாப்பைப் பற்றி எழுதிப் பழகிய எனக்கு இது புதிது. எந்த ஹேக்கரும் இல்லாமல், யாரும் யாரையும் ஏமாற்றாமல், எல்லோரும் தங்கள் வேலையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரகசியம் ஒன்று நடுத்தெருவுக்கு வந்துவிட்டது.

"எங்க சீனியர் ஆபீஸ்ல ஒரு இரும்பு பீரோ இருக்கும். கட்டு எல்லாம் அதுக்குள்ளதான். சாவி குமாஸ்தா இடுப்புல. அவர் ராத்திரி பூட்டிட்டு ரெண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். நாங்க சிரிப்போம். இப்ப பீரோவையே கையில வச்சுக்கிட்டு பஸ்ல போறேன், பூட்டே இல்லாம" என்றபடி தன் போனைத் தூக்கிக் காட்டினார்.

சட்டம் போட்ட வட்டம்

வக்கீலிடம் சொன்னதை வக்கீல் வெளியில் சொல்லக் கூடாது என்பது வெறும் தொழில் நாகரிகம் இல்லை, சட்டம். 1872-ம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தில் 126-வது பிரிவு அதைத்தான் சொன்னது. அந்த ஆங்கிலச் சட்டத்திலேயே 'வக்கீல்' என்ற நம்மூர் வார்த்தை இருந்தது. 2024 ஜூலை 1-ம் தேதி அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் இதே பாதுகாப்பு 132-வது பிரிவாகத் தொடர்கிறது. வழக்கு முடிந்த பிறகும், நீங்கள் வக்கீலை மாற்றிய பிறகும் இந்தக் கடமை அவரை விடாது. ரகசியத்தைத் திறக்கும் உரிமை உங்களுக்குத்தான் உண்டு, அவருக்கு இல்லை. குற்றம் செய்வதற்காகவே வக்கீலிடம் ஆலோசனை கேட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. இந்தக் கடமையை மீறக் கூடாது என்று பார் கவுன்சில் விதிகளும் தனியாகச் சொல்கின்றன.

இன்னொரு விஷயத்தையும் அன்றே யோசித்திருக்கிறார்கள். வக்கீல் மட்டும் வாயை மூடினால் போதாதே! மொழிபெயர்ப்பவர், குமாஸ்தா, வேலையாட்கள் ஆகியோருக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. அதாவது, 1872-ல் ஒரு கட்சிக்காரரின் காகிதம் யார் யார் கைக்கெல்லாம் போகுமோ, அத்தனை பேரையும் சுற்றி ஒரு வட்டம் போட்டார்கள்.

இன்றைக்கு அந்தக் காகிதம் போகும் இடங்களைப் பாருங்கள். ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர். பிரவுசிங் சென்டர். லேப்டாப்பைச் சரிசெய்யும் சர்வீஸ் பையன். கூகுள் டிரைவ். வக்கீல் வீட்டுக் குழந்தையின் டேப். எதுவுமே அந்த வட்டத்துக்குள் இல்லை!

லிங்க்டு டிவைசஸ்: மூன்று

"சரி மேடம், உங்க போனைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்டேன். தயங்கினார். பிறகு, "நீ பார்க்க வேண்டாம். என்ன பார்க்கணும்னு சொல்லு, நானே பார்க்கிறேன்" என்றார். அது சரியான பதில். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

வாட்ஸ்அப்பைத் திறந்து, 'லிங்க்டு டிவைசஸ்' என்ற இடத்துக்குப் போகச் சொன்னேன். நம் வாட்ஸ்அப் வேறு எந்தெந்தக் கம்ப்யூட்டர்களில் திறந்திருக்கிறது என்று அது காட்டும். வக்கீலம்மாவின் பட்டியலில் மூன்று இருந்தன. ஒன்று அவர் லேப்டாப். இன்னொன்று ஜூனியருடைய கம்ப்யூட்டர். மூன்றாவது?

கொஞ்ச நேரம் யோசித்தார். "கரன்ட் இல்லாத அன்னிக்கு ஒரு பிரவுசிங் சென்டர்ல இ-ஃபைலிங் பண்ணினேன். ஃபைலை எடுக்க அங்க வாட்ஸ்அப் வெப் போட்டேன். அது மழைக்காலத்துல... நாலஞ்சு மாசம் இருக்கும்."

அதன் கீழே 'கடைசியாகப் பயன்பாட்டில் இருந்தது: இன்று 11.42' என்று இருந்தது.

அன்று 11.42-க்கு அவர் கோர்ட் ஹாலில் சித்திக்காக வாய்தா வாங்கிக்கொண்டிருந்தார்.

யாராவது உட்கார்ந்து படித்தார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. அந்தக் கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்தபோது, பழைய டேப்பும் தானாகத் திறந்திருக்கலாம். ஆனால், படிக்க நினைத்தவர் படித்திருக்க முடியும். இந்த மாதங்களில் கட்சிக்காரர்கள் அனுப்பிய ஒவ்வொரு போட்டோவும், ஒவ்வொரு வாய்ஸ் மெசேஜும் அங்கேயும் போய் விழுந்திருக்கின்றன. 'வாட்ஸ்அப் என்கிரிப்ட் ஆனதுதானே?' என்று கேட்பீர்கள். ஆமாம், வழியில் யாரும் பிரித்துப் படிக்க முடியாது. வீட்டுக்கு வந்த கடிதத்தை நாமே பிரித்துத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனால், தபால்காரரைக் குறை சொல்லி என்ன பயன்?

'லாக் அவுட்'டை அழுத்தினார். ஒரு நொடியில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை.

அடுத்து கேலரி. மகளின் பிறந்தநாள் கேக், கோத்தகிரி கல்யாணம், நடுவே காயம்பட்ட ஒரு கை, ஒரு எஃப்.ஐ.ஆர்., ஒரு ஆதார் அட்டை, மறுபடி கேக். வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் எல்லாம் கேலரியில் தானாகச் சேர்கின்றன. கேலரியில் சேர்ந்தது கூகுள் போட்டோஸுக்குத் தானாகப் போகிறது. கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக மகளுக்கு ஒரு டேப் வாங்கினார்கள். அதில் எந்த அக்கவுன்ட் போட்டார்கள்? அம்மாவுடையதைத்தான்.

ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் பக்கத்து அறையில்தான் இருந்தாள். நாங்கள் பேசுவதைக் கேட்டு எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, அந்த ஆன்ட்டிக்குக் கை சரியாயிடுச்சா?"

வக்கீலம்மா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். குன்னூர் பக்கம் இறங்கும் சாயங்கால ரயில் ஸ்டேஷனில் ஊதிக்கொண்டிருந்தது.

அந்தக் குழந்தை அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால், ஒரு வீட்டின் நான்கு சுவருக்குள் நடந்த அடிதடியை ஒரு பெண் தன் வக்கீலை நம்பிப் படம் எடுத்து அனுப்பினார். அதைப் பல மாதங்களாக ஒரு பள்ளி மாணவி மனதில் சுமந்துகொண்டிருக்கிறாள். இதில் பாதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எனக்கு எண்ணத் தெரியவில்லை.

போலீஸ் கேட்டால் கொடுக்க வேண்டுமா?

தவறிப்போய்க் கசிவது ஒரு பக்கம் என்றால், அதிகாரத்தோடு வந்து கேட்பது இன்னொரு பக்கம். 2020 டிசம்பர் 24 அன்று டெல்லி வழக்கறிஞர் மெஹ்மூத் பிராச்சாவின் அலுவலகத்தில் டெல்லி போலீஸ் சோதனை நடத்தியது. ஒரு வழக்கு சம்பந்தமாகக் கம்ப்யூட்டரை எடுத்துப்போனால், அதற்குள் இருக்கும் மற்ற கட்சிக்காரர்களின் ரகசியம் என்ன ஆவது என்பதே அவர் எழுப்பிய கேள்வி.

2025 ஜூனில் விஷயம் நம் சென்னைக்கே வந்தது. மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தாதருக்கு அமலாக்கத்துறை சம்மன் அனுப்பியது. ஒரு நிறுவனத்துக்குச் சட்டக் கருத்து எழுதிக் கொடுத்தார் என்பதுதான் காரணம்! வழக்கறிஞர் பிரதாப் வேணுகோபாலுக்கும் சம்மன் போனது. நாடு முழுக்க வழக்கறிஞர் சங்கங்கள் கொதித்தன. இரண்டு சம்மன்களும் வாபஸ் ஆயின. குஜராத் வழக்கறிஞர் ஒருவருக்குப் போலீஸ் அனுப்பிய நோட்டீஸும் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. நீதிமன்றம் இதைத் தானாக முன்வந்து விசாரித்தது. தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு 2025 அக்டோபர் 31 அன்று தீர்ப்பளித்தது.

சம்மன் பற்றி மட்டும்தான் பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. என் பார்வையில், போன் பற்றிய பகுதிதான் நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியம். வக்கீலின் போனோ லேப்டாப்போ விசாரணைக்கு வேண்டும் என்றால், போலீஸ் அதைத் தங்கள் கையில் வாங்கிக்கொள்ள முடியாது. சம்பந்தப்பட்ட நீதிமன்றத்தில்தான் அது ஒப்படைக்கப்பட வேண்டும். யாருடைய விவரம் தேடப்படுகிறதோ அந்தக் கட்சிக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்து, அவருடைய ஆட்சேபனையையும் வக்கீலின் ஆட்சேபனையையும் நீதிமன்றம் கேட்க வேண்டும். அதற்குப் பிறகும் திறக்க வேண்டும் என்று முடிவானால், இருவர் முன்னிலையில்தான் திறக்க வேண்டும். தொழில்நுட்பம் தெரிந்த ஒருவரை அவர்களே துணைக்கு வைத்துக்கொள்ளலாம். மற்ற கட்சிக்காரர்களின் விவரம் வெளியே போய்விடாமல் நீதிமன்றம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வக்கீலம்மா இந்தத் தீர்ப்பைப் பிரின்ட் எடுத்து வைத்திருந்தார். "எங்க எடுத்தீங்க?" என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை!

வக்கீல் கம்ப்யூட்டருக்குள் யாரோ

இனி ஹேக்கர்கள் கதை. 'நம்மை யார் ஹேக் பண்ணப் போறா?' என்று வக்கீலம்மா கேட்டதால் சொன்னேன்.

நாக்பூர் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங். பீமா கோரேகான் வழக்கில் 2018 ஜூனில் கைதானவர். அவருடைய ஹார்டு டிஸ்க்கின் நகலை அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனம் ஆராய்ந்தது. நம்பகமானவர் அனுப்பியதுபோல் வந்த மெயிலின் இணைப்பைத் திறந்ததில் 'நெட்வயர்' என்ற வேவு மென்பொருள் உள்ளே நுழைந்தது, 20 மாதங்களுக்கும் மேலாக வேறு யாரோ அந்தக் கம்ப்யூட்டரைக் கட்டுப்படுத்தினார்கள், அவருக்கு எதிரான சாட்சியமாகக் காட்டப்பட்ட கடிதங்கள் அப்படித்தான் அதற்குள் வைக்கப்பட்டன என்று 2021-ல் வெளியான அந்த நிறுவனத்தின் அறிக்கை சொன்னது. அதே வழக்கில் கைதாகி, 2021 ஜூலை 5 அன்று காவலில் இருந்தபடியே மருத்துவமனையில் இறந்த நம் திருச்சி மாவட்டத்துக்காரர் ஸ்டான் சுவாமியின் கம்ப்யூட்டரிலும் இதுபோலவே நடந்தது என்று 2022 டிசம்பரில் இன்னொரு அறிக்கை வந்தது. விசாரணை அமைப்பான என்.ஐ.ஏ. இந்த முடிவுகளை ஏற்கவில்லை. காட்லிங்கின் ஜூனியரான வழக்கறிஞர் நிஹால்சிங் ராத்தோட்டின் போனும் பெகாசஸ் வேவு மென்பொருளுக்குக் குறிவைக்கப்பட்டதாக 2019 அக்டோபரில் தெரியவந்தது.

இது அரசியல் வழக்கு, நமக்கு என்ன என்று நினைத்தால், சொத்து, வியாபார வழக்குகளும் தப்பவில்லை. வழக்கில் ஜெயிப்பதற்காக எதிர்த்தரப்பின் மெயிலைத் திருட இந்திய ஹேக்கர்களை வாடகைக்கு எடுப்பது ஒரு தொழிலாகவே நடந்திருக்கிறது என்று ராய்ட்டர்ஸ் நிறுவனம் 2022 ஜூனில் எழுதியது. 108 சட்ட நிறுவனங்களைச் சேர்ந்த சுமார் 1,000 வழக்கறிஞர்கள் குறிவைக்கப்பட்டிருந்தார்கள். ஏன் வக்கீல்கள்? ஒரு வழக்கின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் கிடைப்பது அவர்களிடம்தான். 2016-ல் உலகத்தையே உலுக்கிய பனாமா பேப்பர்ஸும் ஒரு சட்ட நிறுவனத்திலிருந்து கசிந்ததுதான். மொசாக் ஃபொன்செகா என்ற அந்த நிறுவனத்தின் 1.15 கோடி ஆவணங்கள் வெளியே வந்தன. அவற்றால் பல நாட்டுத் தலைவர்களின் ஊழல் வெளிப்பட்டது நல்லதுதான். ஆனால், 'எங்கள் ரகசியத்தைக் காப்பாற்றுவோம்' என்று சொல்லியே பிழைத்த நிறுவனம், இரண்டே வருடத்தில் கடையை மூடியது.

ஊட்டியில் வழக்கு நடத்தும் ஒருவரை பெகாசஸ் வைத்து யாரும் தேடப்போவதில்லை. இங்கே வருவது வேறு. 'உங்கள் வண்டிக்கு ஃபைன்' என்றோ, 'கல்யாணப் பத்திரிகை' என்றோ வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. ஃபைல் ஒன்று வரும். திறந்து இன்ஸ்டால் செய்தால் போனே அவர்கள் கைக்குப் போய்விடும். வக்கீலம்மாவின் நண்பர் ஒருவர் இப்படி மாட்டிக்கொண்டார். அவர் பெயரில், 'அவசரம், 20,000 அனுப்புங்க, கோர்ட் ஃபீஸ் கட்டணும்' என்று கட்சிக்காரர்களுக்கே மெசேஜ் போனது. வக்கீல் கேட்டால் யார்தான் மறுப்பார்கள்? இரண்டு பேர் அனுப்பியும்விட்டார்கள்.

மாற்றியது என்ன?

அன்று இரவு எட்டு மணி வரை லவ்டேல் வீட்டில் ஒரு குட்டி ஆபரேஷன் நடந்தது. வாட்ஸ்அப்பில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனைப் போட்டார்; ஆறு இலக்க எண் இல்லாமல் வேறு போனில் அவர் கணக்கைத் திறக்க முடியாது. படங்கள் கேலரியில் சேர்வதை நிறுத்தினார். கூகுளுக்குப் போகும் வாட்ஸ்அப் பேக்கப்புக்குத் தனியாக ஒரு பாஸ்வேர்டு போட்டார். இது 2021-லிருந்தே இருக்கும் வசதிதான். நாமே போய் ஆன் செய்யாவிட்டால் பேக்கப் பூட்டப்படாமலே இருக்கும். மகளின் டேப்பில் மகளுக்கென்று தனி அக்கவுன்ட். போனுக்கு நான்கு இலக்க எண்ணுக்குப் பதில் நீளமான பாஸ்வேர்டு. பழைய பின் என்ன என்று கேட்கவில்லை. மகளின் பிறந்த வருடம் என்று மகளே சொன்னாள்!

லேப்டாப்தான் தலைவலி. விண்டோஸ் 10. அதற்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு பொதுவாக நிறுத்திவிட்டது. அதைவிட மோசமாக, டாஸ்க் பாரின் மூலையில் எனிடெஸ்க் ஓடிக்கொண்டிருந்தது. பிரின்டரைச் சரிசெய்ய, சர்வீஸ் பையன் என்றைக்கோ போட்டுவிட்டுப் போனது. அவன் நினைத்தால் தன் கடையிலிருந்தே இந்த லேப்டாப்புக்குள் வர முடியும். "அவன் நல்ல பையன்மா" என்றார் வக்கீலம்மா. இருக்கலாம். அவனுடைய பாஸ்வேர்டும் நல்லதாக இருக்க வேண்டுமே! அதை நீக்கினோம். விண்டோஸை மாற்ற கோயம்புத்தூர் போகும்போது பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜெராக்ஸ் கடைக்கு என்ன செய்வது என்பதில்தான் ரொம்ப நேரம் மாட்டிக்கொண்டோம். 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுத்தால் போதாதா என்று கேட்டார். சாட்டிலிருந்து போகும், கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இறங்கிய நகல் போகாது. பென் டிரைவ்? ஊரில் உள்ள எல்லா வைரஸும் ஒன்றுகூடும் இடம் அந்தக் கம்ப்யூட்டர்தான். மனுவுக்கு பாஸ்வேர்டு போட்டு அனுப்பினால், பையன், 'பாஸ்வேர்டு என்ன?' என்று பத்துப் பேர் முன்னால் சத்தமாகக் கேட்பான். கடைசியில், வீட்டுக்கே ஒரு சின்ன லேசர் பிரின்டர் வாங்குவது என்று முடிவானது. கட்டு பெரிதாக இருந்து கடைக்குப் போயே ஆக வேண்டும் என்றால், குமாஸ்தா கூடவே நின்று, பிரின்ட் ஆனதும் நீக்கிவிட்டுத்தான் வர வேண்டும். பீரோவை இரண்டு முறை இழுத்துப் பார்த்த அதே குமாஸ்தா வேலைதான்.

நம் பக்கமும் இருக்கிறது

சித்தி அதுவரை ஓரமாக உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டுக்கு ஹெம்மிங் செய்துகொண்டிருந்தார். "நான் அனுப்பினதை எல்லாம் என் போன்ல அழிச்சுட்டேன் கண்ணு. வக்கீலம்மாகிட்டதான் இருக்குல்ல" என்றார்.

வக்கீலம்மா பதறிவிட்டார். "எதை அழிச்சீங்கக்கா? அந்த ஆடியோவையா?"

கட்சிக்காரர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதானாம். போனில் பதிவான ஆடியோவோ மெசேஜோ கோர்ட்டில் சாட்சியமாக வேண்டும் என்றால், அது முதலில் பதிவான போன் முக்கியம். நகலைக் கொடுப்பதென்றால் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதில் அந்த ஃபைலின் 'ஹாஷ்' எண்ணும் இருக்க வேண்டும். ஃபைலின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று, பழைய சட்டத்தின் 65பி பிரிவை வைத்து 2020 ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம் வழியிலேயே சுருங்கிவிடும். எப்போது, எங்கே எடுத்தது என்ற விவரம் உதிர்ந்துவிடும். வக்கீலிடம் இருப்பது நகல்தான். எனவே, வழக்கு முடியும் வரை அந்த போனை விற்காதீர்கள், எக்ஸ்சேஞ்சில் போடாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள்.

(சித்தி அழித்தது ஆடியோ இல்லை. ஒரு பட்டா நகலின் படம். பட்டாவை ஆன்லைனில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். மாமாக்கள் கவனிக்க!)

இன்னொன்றையும் வக்கீலம்மாவே சொன்னார். டேட்டா பாதுகாப்புக்கென்று 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்துத்தான் அமலாகும். சட்ட உரிமையை நிலைநாட்டுவதற்காகத் தகவலைக் கையாள்பவர்களுக்கு அதில் பல விலக்குகள் உண்டு. ஆனால், தகவலைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்ற கடமைக்கு விலக்கு இல்லை. தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். விசித்திரம் என்னவென்றால், தகவல் கசிந்தால் சம்பந்தப்பட்டவரிடம் சொல்ல வேண்டும் என்ற பிரிவு அந்த விலக்குக்குள் போய்விடுகிறது. பூட்ட வேண்டும், ஆனால் திருடு போனால் உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை! இதை யார் யோசித்து எழுதினார்களோ.

அதனால் நாமே கேட்பதுதான் வழி. 'என் பேப்பரை எங்க பிரின்ட் எடுப்பீங்க? ஜூனியர் கம்ப்யூட்டர்லயும் இருக்குமா?' என்று முதல் நாளே கேட்கலாம். வக்கீல் கோபப்படுவாரோ என்று பயப்பட வேண்டாம். "கேட்டா எனக்கு முதல்ல சுருக்குனுதான் இருக்கும். அப்புறம் போய்ப் பார்ப்பேன்" என்கிறார் வக்கீலம்மா. வக்கீலிடமிருந்து திடீரென்று பணம் கேட்டு மெசேஜ் வந்தால், அனுப்புவதற்கு முன் ஒரு போன் போட்டுவிடுங்கள். அனுப்பிவிட்டீர்கள் என்றால் 1930-க்கு உடனே பேசுங்கள். போன் தொலைந்தால், போலீஸில் புகார் கொடுத்துவிட்டு, மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் அதை முடக்கலாம். முகவரியை மறைத்து வாழ வேண்டிய நிலையில் இருக்கிறீர்கள் என்றால், மனுவில் எந்த முகவரியைக் கொடுப்பது என்று டைப் அடிப்பதற்கு முன்பே வக்கீலிடம் பேசிவிடுங்கள்.

மறுநாள் காலை பஸ் ஏறுவதற்கு முன் அந்த ஜெராக்ஸ் கடைக்கு மறுபடி போனேன். மழை விட்டிருந்தது, கூட்டம் இல்லை. நேற்று பார்த்த மனுவைப் பற்றிச் சொன்னேன். பையன் முகம் மாறிவிட்டது. "ஐயோ, யாருமே சொல்லலீங்க்கா" என்றபடி ஃபோல்டரைத் திறந்து, எல்லாவற்றையும் செலக்ட் செய்து டெலீட் பட்டனைத் தட்டினான்.

"போயிடுச்சுங்க்கா."

"ரீசைக்கிள் பின்?"

அதையும் திறந்தான். நேற்றைய மனு அதில்தான் இருந்தது. அதற்குக் கீழே உருட்டினான், உருட்டினான், உருட்டிக்கொண்டே இருந்தான். கடைசி ஃபைலில் 2021 என்று தேதி போட்டிருந்தது.